மூன்றாம் பேஸில் சீதாராமன்

சீதாராமனிடம் ஒரு வார்த்தை இருந்தது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். மகள் மாதங்கி கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் "பாத்து". மாடிப்படியில் இறங்கினால் "பாத்து". தோசையைப் பிட்டு வாயில் போடும்போதுகூட, சூடாக இருக்குமாம், "பாத்து". பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்கிறார் என்று அவர் மனைவி விஜயம் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். காலை பத்து மணிக்குள் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

மதுரையில் எந்தத் தெருவில் நின்றாலும் இந்த வார்த்தை காதில் விழும். பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் சொல்வதுதான். மற்றவர்கள் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சீதாராமன் பின்னாலேயே போவார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மாதங்கிக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஒன்றில் வண்டி ஏறி இறங்கியது. குழந்தை விழுந்தாள், இடது கை முறிந்தது. கை ஆறே வாரத்தில் கூடிவிட்டது. ஓட்டியவர் அவர்தான் என்பது மட்டும் எட்டு வருஷமாகியும் ஆறவில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் பெண் போயும் போயும் சாஃப்ட்பாலில் சேர்ந்தாள். சதுரத்தைத் திருப்பி வைத்தாற்போல ஒரு மைதானம், நான்கு மூலைகள். ஒரு மூலையில் நின்று மட்டையால் பந்தை அடித்துவிட்டு, மற்ற மூன்று மூலைகளையும் மிதித்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே ஓடி வந்தால் ஒரு ரன். நடுவில் எதிரணிக்காரி பந்தோடு வந்து தொட்டுவிட்டாலோ, முதல் மூலைக்கு ஆளை முந்திப் பந்து போய்விட்டாலோ அவுட். மூலைகளுக்குப் பேஸ் என்று பெயர். பேஸைச் சீக்கிரம் தொடுவதற்காகப் பிள்ளைகள் மண்ணில் விழுந்து சறுக்கிக்கொண்டே போவார்கள். வேண்டுமென்றே விழுவார்கள் என்பதைக் கேட்டபோது சீதாராமனுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

வேண்டாம் என்றுதான் சொன்னார். மாதங்கி அழவில்லை, கெஞ்சவில்லை. மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். நான்காவது நாள் விஜயம் விண்ணப்பத்தில் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

பயிற்சி, பசுமலையில் மலையடிவாரத்துப் பள்ளி மைதானத்தில் காலை ஆறு மணிக்கு. பயிற்சியாளர் பெயர் அன்னக்கொடி. திருவாதவூர் பக்கத்து விவசாயக் குடும்பம், இருபத்தைந்து வயது, மாநில அணிக்கு ஆடியவள். அவள் கூப்பிட்டால் மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும் பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கும். அவளிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. முதல் மூன்று வாரம் பிள்ளைகள் கையில் பந்தையும் கொடுக்க மாட்டாள், மட்டையையும் கொடுக்க மாட்டாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுவாள். வரிசையாகப் போட்ட பழைய சைக்கிள் டயர்களுக்குள் குதித்துக் குதித்துப் போகச் சொல்லுவாள். நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடச் சொல்லுவாள். முழு வேகத்தில் ஓடிவரும்போது திடீரென்று விசில் ஊதுவாள். அந்த இடத்திலேயே, முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி நிற்க வேண்டும்.

பெற்றோர்களுக்குப் பொறுக்கவில்லை. சாஃப்ட்பால் கற்றுக்கொள்ள அனுப்பினால் நொண்டி ஆடவிடுகிறாளே என்று முணுமுணுத்தார்கள். நிற்கத் தெரியாத உடம்புக்கு எறியத் தெரியாது, எறியத் தெரியாத உடம்பு தோளைக் கெடுத்துக்கொள்ளும் என்று அவள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சீதாராமன் ஒருவர்தான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பந்தே இல்லாவிட்டால் பந்து மகள் மேல் படாது அல்லவா? அன்னக்கொடி தன் முறையைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் இவர் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

நான்காவது வாரம் விழுவதற்குப் பழக்கினாள். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். யாரோ வீட்டுக் காதணி விழா முடிந்து கழற்றிய பெரிய ஃப்ளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து, முகங்கள் இருக்கும் பக்கத்தை மண்ணுக்குத் திருப்பி விரித்து, மேலே சோப்புத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு காலை நீட்டி மற்றதை அதன் கீழே மடித்து, பாதிச் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டே சறுக்க வேண்டும். அதற்கு அவள் வைத்த பெயர் அரைச் சம்மணம். பிள்ளைகள் சாப்பிட உட்காருகிற வாகுதான், ஓடி வந்து உட்காரணும், அம்புட்டுத்தான் என்றாள். எல்லாப் பிள்ளைகளும் கும்மாளம் போட்டுச் சறுக்கினார்கள். மாதங்கி மட்டும் ஓடிவந்து, பேனர் விளிம்பில் நின்று, நிதானமாக உட்கார்ந்து, பிறகு கையால் உந்திக்கொண்டு போனாள்.

பந்து கையில் கிடைத்ததும் இன்னொன்று தெரிந்தது. மாதங்கியின் கண் அபாரமான கண். பந்து கிளம்பும்போதே எங்கே வரும் என்று கணித்துவிடுவாள். அவள் அடித்தால் பந்து ஆள் இல்லாத இடம் பார்த்துத்தான் போகும். அணியிலேயே நன்றாக ஓடுகிற ஆர்த்திகாவும், பலமாக அடிக்கிற தமிழ்வாணியும்கூட அவள் அடிப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஆனால் என்ன பயன்? அடித்துவிட்டு ஓடுவாள், முதல் பேஸுக்கு ஐந்தாறு எட்டு இருக்கும்போது ஓட்டம் குறுகிவிடும். தலை குனிந்து பாதத்தைப் பார்ப்பாள். அதற்குள் பந்து வந்துவிடும். அவுட். பத்துக்கு எட்டு தடவை இப்படியே.

அன்னக்கொடி விடவில்லை. ஷூவை மாற்றிப் பார்த்தாள். பேஸுக்கு அப்பால் பத்தடியில் ஒரு துண்டைக் கட்டி, அதுதான் எல்லை, அதுவரைக்கும் ஓடு என்றாள். மலைச்சரிவில் இறக்கத்தில் ஓடவிட்டாள். தனியாக ஓடினால் அழகாக ஓடினாள். ஆட்டத்தில் அதே இடத்தில் அதே குறுகல். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க மூன்றே வாரம் இருந்தது. பதினாறு பேரை எடுப்பார்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் மாதங்கி முதல் ஐந்தில் வர வேண்டியவள். காலை வைத்துப் பார்த்தால் வீட்டுக்குப் போக வேண்டியவள்.

மாதங்கிக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு நாள் காலை பயிற்சி முடிந்து வரும்போது, செலக்‌ஷனுக்குத் தான் வரவில்லை, வேறு யாரையாவது அழைத்துப் போங்கள் என்று மிஸ்ஸிடம் சொல்லப்போவதாக அப்பாவிடம் சொன்னாள். சீதாராமனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அப்படி வந்ததே என்று அடுத்த நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. ஸ்கூட்டர் கண்ணாடியில் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். கை முறிந்த அன்றுகூட அந்த முகம் அப்படி இருக்கவில்லை.

மறுநாள், மாதங்கி அதைச் சொல்வதற்கு முன்பே, அன்னக்கொடி அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். கையில் போன் இருந்தது. மாதங்கி ஓடுவதை ஒரு வாரமாகப் படம் பிடித்து, வீட்டில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாள். முட்டியையும் கணுக்காலையும் பார்த்துப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லையாம். நேற்று சமைத்துக்கொண்டே பார்த்தபோது தற்செயலாகச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறாள்.

"சார், படத்தப் பாக்காதீங்க. காத மட்டும் வச்சுக் கேளுங்க," என்று போனை அவர் காதருகே கொண்டுவந்தாள்.

மட்டை பந்தில் படும் சத்தம். பிள்ளைகளின் கூச்சல். காலடிகள் தடதடவென்று போயின. பிறகு மிக அருகில், வேலிக்குப் பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல்: "பாத்து, கண்ணா, பாத்து." காலடிச் சத்தம் உடனே தேய்ந்தது. அடுத்த வீடியோ. தடதட. "பாத்து." தேய்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஏழு வீடியோ போட்டுக் காட்டினாள். ஏழிலும் அந்தக் குரல் ஓட்டத்துக்கு முன்னால் போய் நின்றது.

சீதாராமனுக்குத் தன் குரல் என்பதே முதலில் உறைக்கவில்லை. யாரோ ஒரு தொணதொணப்பு ஆசாமி என்று நினைத்தார். தெரிந்ததும் காது மடல் வரைக்கும் சூடேறியது. எட்டு வருஷமாகப் பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்த மனிதர் அவர். அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது தான்தான் என்பதை ஒரு போன் சொல்லிவிட்டது. நாளையிலிருந்து வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்னக்கொடி பதில் சொல்வதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் அன்று அவர் பார்த்த ஃபைல்களை மறுநாள் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் போகாமல் இருந்த நான்கு நாளில் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, முற்றியது. மாதங்கி இப்போது பேஸுக்குப் பத்து எட்டு இருக்கும்போதே குறைய ஆரம்பித்தாள். வேலிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான்காம் நாள் சாயங்காலம் அன்னக்கொடி போனில் இதைச் சொன்னதும் சீதாராமன் மகளிடம் நேராகவே கேட்டார், நான்தான் வரவில்லையே, இன்னும் ஏன் என்று.

மாதங்கி நகத்தைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "நீ சொல்லலைன்னா, இதோ சொல்லப்போறே, இதோ சொல்லப்போறேன்னு இருக்குப்பா. அதுக்கு நீ சொல்லியே தொலைக்கலாம்."

இதை அவர் ஒளிக்காமல் அன்னக்கொடியிடம் போய்ச் சொன்னார். நல்லதாகச் சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. திட்டு வாங்கத் தயாராகத்தான் போனார். அவள் திட்டவில்லை. டயர்களை அடுக்கிக்கொண்டே யோசித்தாள். பிறகு கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மைதானத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். மூன்றாவது பேஸுக்கு அருகே சுண்ணாம்புத் தூளால் ஒரு கட்டம் போட்டிருந்தது. ஓடிவரும் பிள்ளைக்குப் பந்து முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவள் திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். அதனால் அவளுக்காகப் பந்தைக் கவனித்து, ஓடு, நில், விழு என்று சொல்ல அந்தக் கட்டத்தில் ஓர் ஆள் நிற்பது வழக்கம்.

"வாய மூடச் சொல்லல சார். உங்களால முடியாது, எனக்குத் தெரியும். வேற மூணு வார்த்த தாரேன். வா, நில்லு, படு. பாக்குற வேலைய நீங்க எடுத்துக்கங்க. ஓடுற வேலைய அதுக்கு விட்டுருங்க," என்றாள்.

ஐம்பத்தோரு வயது, லேசான தொப்பை, வாழ்நாளில் ஆடிய ஒரே ஆட்டம் கேரம். அவரைப் போய் அந்தக் கட்டத்தில் நிறுத்தினாள். மூன்று வார்த்தைதானே என்று அவரும் சாதாரணமாகத்தான் போய் நின்றார். முதல் நாளே குட்டு வெளிப்பட்டது. வாய் "வா" என்று சொல்லியது. இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, ஓடும் வண்டியை மறிப்பதுபோல் நின்றன. எந்தப் பிள்ளை வந்தாலும் அப்படியே. ஆர்த்திகா வாயைக் கேட்பதா கையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நடுவழியில் நின்று, "அங்கிள், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க," என்றாள்.

அன்னக்கொடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வார்த்தையை மாற்றினால் போதாது, உடம்பை மாற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து சீதாராமனும் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். புதிதாக வாங்கிய நீலநிற ட்ராக் பேன்ட், நெற்றியில் விபூதி. ஒற்றைக் காலில் நின்றார். ஏழு எண்ணுவதற்குள் கால் ஊன்றினார். டயர்களுக்குள் குதித்தார், மூன்றாவது டயரைக் காலில் மாட்டிக்கொண்டே நான்காவதற்குப் போனார். நண்டு ஓட்டம் மட்டும் அவருக்கு வியக்கத்தக்க முறையில் வந்தது. மாட்டுத்தாவணி பஸ்ஸில் முப்பது வருஷம் கூட்டத்தில் நகர்ந்த அனுபவம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

வீட்டில் விஜயம் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபடி, "ஏன்னா, செலக்‌ஷன் அவளுக்கா உங்களுக்கா?" என்று கேட்டாள். அவர் எழுந்து போனார். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று வலது கையைக் காற்றாடி மாதிரி சுழற்றி "வா", உள்ளங்கைகளை உயர்த்தி "நில்லு", உள்ளங்கைகளைத் தரைக்கு அழுத்தி "படு" என்று பழகினார். பால்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அன்றைக்குப் பேசாமல் பாலை வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பேனர் விரித்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சறுக்கி முடித்ததும் அன்னக்கொடி அவரைப் பார்த்தாள். முடியாது என்று கும்பிட்டார். விழத் தெரியாதவர் அடுத்தவருக்கு விழு என்று எப்படிச் சொல்வார், குரலில் பயம் வந்துவிடும் சார், பிள்ளைகளுக்கு அது கேட்கும் என்றாள் அவள். பதினான்கு பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதங்கி மட்டும் வேறு எங்கோ பார்த்தாள். அப்பா அவமானப்படுவதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

சீதாராமன் கண்ணாடியைக் கழற்றி ஆர்த்திகா கையில் கொடுத்தார். ஓடினார். ஓட்டம் என்று அதைச் சொல்வது தாராளம்தான். பேனர் விளிம்பு வந்தது. காலை மடித்தாரா, கால் தானே மடிந்ததா, அவருக்கே தெரியாது. அடுத்த கணம் வானம் தெரிந்தது, பசுமலை தலைகீழாகத் தெரிந்தது, சோப்பு நுரை வாய்க்குள் போனது. பேனரைத் தாண்டிப் புல்லில் போய் நின்றார். 

அவர் சிரித்தார். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, வயிறு குலுங்கச் சிரித்தார். நாற்பது வருஷமாக அவர் தரையில் விழுந்ததில்லை. தரை இவ்வளவு மோசமில்லை என்பது அவருக்குத் தெரியாமலே போயிருந்தது. எழுந்திருக்க முயன்றபோது முட்டியில் சிராய்ப்பு எரிந்தது. அதைக்கூட ஒரு மாதிரி பெருமையோடுதான் பார்த்துக்கொண்டார். தலையை நிமிர்த்தினால் எதிரே மாதங்கி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்தவள் திரும்பிப் போய், விளிம்பில் நிற்காமல் ஓடிவந்து, முதல் தடவையாக முழுதாகச் சறுக்கினாள்.

அதற்குப் பிறகு முதல் பேஸ் தகராறு நாலே நாளில் தீர்ந்தது. அப்பா எதிர்ப்பக்கத்தில், வேறு வேலையாக, கண்ணைப் பந்தின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்பது தெரிந்ததும் அவள் கால் தன் பாட்டில் ஓடியது. மூன்றாவது பேஸிலிருந்து ஹோமுக்குப் போகும் கடைசி ஓட்டம்தான் பாக்கி. புறப்பட்ட மூலைக்குத் திரும்பி வருவதுதான் ஹோம். அங்கே பந்து பிடிக்கும் எதிரணியின் கேட்சர், முகமூடியும் மார்புக் கவசமுமாக வழியில் நிற்பாள். அங்கே போகச் சொல்ல வேண்டியவர் சீதாராமன்.

ஆளெடுக்கும் ஆட்டங்கள் வண்டியூர் பக்கத்தில் ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்தன. நான்கு அணிகள் வந்திருந்தன. தேர்வாளர்கள் மூன்று பேர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிரணியின் கேட்சர் சோழவந்தான் பக்கத்துப் பெண், பதின்மூன்று வயதுக்கு நல்ல ஆகிருதி. சீதாராமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

மூன்றாவது இன்னிங்ஸில் மாதங்கி அழகாக அடித்து இரண்டாவது பேஸ் வரைக்கும் போய்விட்டாள். அடுத்து வந்த தமிழ்வாணி ஓங்கி அடித்தாள். பந்து வலது பக்கம் உருண்டு ஓடியது. மாதங்கி அவரை நோக்கி ஓடிவந்தாள். போகலாம், நிச்சயமாகப் போகலாம், அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்தார். தொண்டைக்குள் பழைய வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கினார். விழுங்கிவிட்டு "வா" என்றார். அரை நொடி. ஹோமில் மாதங்கி சறுக்கிப் போனபோது கேட்சரின் கையுறை ஒரு சாண் முன்னதாக வந்து காத்திருந்தது.

அவுட்.

மாதங்கி எழுந்தாள். பின்பக்கத்து மண்ணைத் தட்டினாள். அணி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போகாமல் நேராக அவரிடம் வந்தாள். அடிபட்டதா என்று கேட்கத்தான் அவருக்கு நாக்குத் துடித்தது.

"ஏம்ப்பா லேட்டு?" என்றாள்.

"தொண்டையில மாட்டிண்டுடுத்துடி," என்றார் உள்ளதை உள்ளபடி.

"அடுத்த தடவை சீக்கிரம் சொல்லு. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். உன் கையைத்தான் பாத்துண்டு வருவேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது மகளின் கோபமில்லை. கூட ஆடுகிறவள் கூட ஆடுகிறவரிடம் காட்டுகிற கோபம். சீதாராமனுக்கு அப்படி ஒரு கோபத்துக்கு ஆளாகும் பாக்கியம் அதுவரை கிடைத்ததில்லை.

இருந்தாலும் அவர் பயந்துபோயிருந்தார். அன்னக்கொடியிடம் போய், பெண்ணின் இடத்தைத் தானே கெடுத்துவிட்டதாகவும், வேறு யாரையாவது நிறுத்தும்படியும் மன்றாடினார். அவள் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த அட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவுட்டானது அது. அதுவே உங்களத்தான் நிக்கச் சொல்லுது. நான் யாரு சார் மாத்துறதுக்கு? போய் நில்லுங்க," என்றாள். போய் நின்றார்.

சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் மாதங்கியின் பெயர் பதினோராவதாக இருந்தது. இதை இப்போதே சொல்லிவிடலாம். ஏனென்றால் கடைசி இன்னிங்ஸில் நடந்ததற்குப் பிறகு சீதாராமனுக்குப் பட்டியலைப் போய்ப் பார்க்கவே தோன்றவில்லை. விஜயம்தான் கூட்டத்தில் முண்டியடித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். இரண்டாவது பேஸில் மாதங்கி, முதல் பேஸில் ஆர்த்திகா. மறுபடியும் தமிழ்வாணிதான் மட்டையோடு நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. சீதாராமன் முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, அன்னக்கொடி சொல்லிக்கொடுத்த மாதிரி நின்றார். வலது பக்கத்து ஆட்டக்காரி கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்பதைக் கவனித்தார். அவளை ஏமாற்றிப் பந்து தாண்டினால் அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். எதை முடிவு செய்தோம் என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. மகளை அந்தக் கேட்சரிடம் அனுப்புவதைப் பற்றி அவர் இவ்வளவு நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

தமிழ்வாணி அடித்தாள். பந்து இரண்டு பேருக்கு நடுவில் புகுந்தது. பழைய வார்த்தை வந்ததா என்று பின்னால் பல நாள் யோசித்துப் பார்த்தார். வரவில்லை. பந்து புல்லைத் தொடுவதற்கு முன்பே அவர் கை சுழல ஆரம்பித்துவிட்டது. "வா! வா! வா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மாதங்கி தலை நிமிர்ந்து, கண் அவர் கையில் இருக்க, பேஸின் மூலையை மிதித்துத் திரும்பி, அவரை உரசுவதுபோல் கடந்து போனாள். அவள் மூச்சு அவர் மேல் பட்டது. வலது பக்கத்துக்காரி பந்தை எடுத்து ஹோமுக்கு வீசினாள். நல்ல வீச்சு.

கேட்சர் வழியில் வந்து நின்றாள். பந்து வந்துகொண்டிருந்தது. மாதங்கி வந்துகொண்டிருந்தாள். கூட்டம் முழுக்க எழுந்து ஹோமைப் பார்த்தது. சீதாராமனும் பாதி அங்கே திரும்பினார்.

அப்போதுதான் இந்தப் பக்கம் காலடி கேட்டது. ஆர்த்திகா. முதல் பேஸிலிருந்து கிளம்பியவள் இரண்டாவதில் நிற்காமல் மூன்றாவதற்கு வந்துகொண்டிருந்தாள். முழு வேகம். கேட்சர் பந்தைப் பிடித்த கையோடு இங்கே எறிந்தாலும் எறிவாள். ஆர்த்திகா பந்தைப் பார்க்கவில்லை, திரும்பவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே சீதாராமனின் இரண்டு கைகளையும் மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கைகள் எதுவும் சொல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அவர் மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அது எவ்வளவு கனமாக இருந்தது என்று யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆர்த்திகாவுக்கு நேராகக் குனிந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணுக்கு அழுத்தி, "படு, படு," என்றார்.

பின்னால் மண் தேய்ந்தது. யாரோ யார் மேலோ மோதிய சத்தம் வந்தது. அவர் திரும்பவில்லை. ஆர்த்திகா அரைச் சம்மணத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கி வந்தாள். அவள் பாதம் பேஸைத் தொட்டு நிற்கும் வரைக்கும் கைகளை அப்படியே வைத்திருந்தார். நடுவர் "சேஃப்" என்று கத்தியது காதில் விழுந்தது. கேட்சரிடமிருந்து பந்து எதுவும் இங்கே வரவில்லை, ஆகவே நடுவர் சொன்னது ஹோமைப் பற்றித்தான் என்று புரிந்துகொள்ள அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

பிறகுதான் திரும்பிப் பார்த்தார். மாதங்கி எழுந்து நின்றிருந்தாள். முழங்கையில் ரத்தம் வழிந்தது. கீழே விழுந்து கிடந்த கேட்சருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். பெஞ்சிலிருந்து ஓடிவந்த பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் இவர் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

அடுத்து அடிக்கப் போகிறவள் மட்டையோடு வந்து நின்றாள். ஆர்த்திகா பேஸின் மேல் நின்று புழுதியைத் தட்டிக்கொண்டே, "அங்கிள், இப்ப நான் எப்பக் கெளம்பணும்?" என்று கேட்டாள். சீதாராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழங்காலை மடித்து, பந்து யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார்.